சலவைப் பட்டறைக்காரன் வைத்த பயறுச் சாறு

பச்சைப்பயறின் பெருமையை யாராவது எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம். இப்போதெல்லாம் பத்திரிகைக்குப் பத்திரிகை எழுதுகிறார்கள். எளிதில் செரிக்குமாம், மற்றப் பருப்புகளைப் போல வயிற்றில் வாயு சேர்க்காதாம், தசைக்குப் புரதமும் இரத்தத்துக்கு இரும்பும் கிடைக்குமாம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு அதைவிட நல்ல ஆகாரம் இல்லையாம். எல்லாம் சரிதான். ஒரு வரியையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதே பச்சைப்பயறை என் கையால் நாள் தவறாமல் வேகவைத்து, அதை வைத்தே என் மனைவியை நான்கு மாதம் அரைப்பட்டினி போட்டவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆசையோடு செய்தேன், அக்கறையோடு செய்தேன். அதனால்தான் இன்னும் நெஞ்சைக் குடைகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மண்ணரை என்ற பகுதியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. நான், என் மனைவி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நொய்யல் கரையோரம் இருந்த ஒரு சலவைப் பட்டறையில் எனக்கு வேலை. பின்னல் எந்திரத்திலிருந்து இறங்கும் பனியன் துணி முதலில் வெள்ளையாக இருக்காது. பழுப்பேறிப்போய், எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். அதைப் பெரிய தொட்டியில் போட்டு, சோடாக் காரம் கலந்த தண்ணீரில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, பிறகு வெளுப்புத் தூள் கரைசலில் முக்கி, அலசி வெள்ளையாக்கித் தருவது எங்கள் பிழைப்பு. கொதிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன். தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமலே, வருகிற வாடையை வைத்து, துணி வெந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. மூக்கின் மேல் கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்தவன் வீட்டில் இருப்பவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிறு நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் இருமல். பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுகட்டி, மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் துப்பியதில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, டி.பி. என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் அந்த இரண்டு எழுத்தைக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து போய்விடுவான். நாங்களும் வெளியே சொல்லவில்லை. சளிக்கட்டு என்று சொல்லி வைத்தோம்.

டாக்டர் வெளியூர்க்காரர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஊசி தினமும் போட வேண்டும், மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல் தொடர வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது என்று நிதானமாக விளக்கினார். கடைசியில், என் மனைவியின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"குழந்தையைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்கணும். வேற யார் வீட்டிலாவது விட முடியுமா?"

"எத்தன நாளைக்குங்க?" என்றாள் அவள்.

"சளியில கிருமி இல்லேன்னு ஆகணும். உங்க எடையும் ஏறணும். இப்ப எழுபத்தாறு ராத்தல் இருக்கீங்க. தொண்ணூறையாவது தொட்டாத்தான் உடம்பு நோயைத் தாங்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் குழந்தையைக் கூட்டிட்டு வரலாம்."

மூலனூரில் என் மனைவியின் அக்கா இருந்தாள். தோட்டமும் மாடுமாகப் பாடுபடுகிற குடும்பம். ஆளிடம் சொல்லி அனுப்பிய மறுநாளே வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, எட்டவே நின்று வழியனுப்பினாள். குழந்தை பஸ்ஸில் போகிற குஷியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம், "தொண்ணூறுங்களா சொன்னாரு?" என்று கேட்டாள். தொண்ணூறு ராத்தல் என்றால் இன்றைய கணக்கில் நாற்பத்தொரு கிலோ. அன்றிலிருந்து அந்தத் தொண்ணூறுதான் எங்கள் வீட்டில் நாள், கிழமை, பண்டிகை எல்லாம்.

எடை ஏற முட்டை, பால், கறி சாப்பிடச் சொன்னார் டாக்டர். ஆனால் அந்த மாத்திரையை விழுங்கிய வயிற்றுக்கு எதுவும் சேரவில்லை. முட்டை வேகும் வாடை எட்டினாலே ஓங்கரிப்பாள். கறியைப் பற்றிப் பேசவே முடியாது. பால் மட்டும் ஒரு டம்ளர் தங்கும். சோறு என்றால் நாலு வாய். இதைப் போய்ச் சொன்னபோது டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, பச்சைப்பயறு கொடுங்க. கறி முட்டைக்கு அடுத்தபடியா அதுலதான் சத்து. வயித்தையும் புரட்டாது. நல்லா வேகவெச்சு, சூப் மாதிரி, தினம் ரெண்டு வேளை."

அவ்வளவுதானே! வேகவைப்பதுதானே என் தொழிலே! அன்றே மூலனூருக்குத் தகவல் போய், அடுத்த வாரம் அரை மூட்டை பச்சைப்பயறு பஸ் கூரையில் ஏறி வந்து இறங்கியது. அவர்கள் காட்டில் விளைந்தது. உருண்டையாக, பளபளவென்று, கையை விட்டால் சில்லென்று இருந்தது. என் மனைவியை அடுப்புப் புகை படக்கூடாது என்று தள்ளி உட்கார வைத்துவிட்டு நானே சமையலில் இறங்கினேன். ஆம்பளை அடுப்பு மூட்டுவதைப் பார்க்க அந்த வரிசையில் இருந்த நண்டு சிண்டெல்லாம் வாசலில் வந்து நின்றது. நான் சட்டை செய்யவில்லை.

பயறை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு வேகவிடுவேன். தோல் வெடித்து மசியும்வரை விடமாட்டேன். பிறகு இறக்கி, வெள்ளைப் பனியன் துணி ஒன்றில் ஊற்றி வடிகட்டுவேன். நானே வெளுத்து, சுடுதண்ணீரில் அலசி, அதற்கென்றே வைத்திருந்த துணி. அந்தத் துணியில் வடிந்த சாறு கண்ணாடி மாதிரி இறங்கும். அதில் பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகும் சீரகமும் நுணுக்கி உப்புச் சேர்த்து ஒரு கொதி விட்டால் வீடே மணக்கும். டம்ளரில் ஊற்றி, ஆற்றி, அவள் கையில் கொடுப்பேன். துணியில் தங்கியது சக்கை. தூக்கி எறிய மனசு வராது. இரண்டு சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுத் தாளித்து, சோற்றில் பிசைந்து நான் தின்றுவிடுவேன். நல்லதையெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையை நான் தின்கிறேன் என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. தொண்டை அடைக்க அதை விழுங்கும்போது, பொண்டாட்டிக்காக இப்படி யார் செய்வான் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எதற்காக வடிகட்டினாய் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் பயறை வேகவைத்தால் தண்ணீரை இறுத்து ரசம் வைப்பதும், பயறைத் தனியாகக் கடைந்து சோற்றுக்குப் போட்டுக்கொள்வதும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே இலையில்தான் சாப்பிடுவார்கள். நான் பிரித்ததற்குக் காரணம் என் பட்டறை. துணியைக் காரத்தில் கொதிக்க வைத்தால் உள்ளே இருக்கிற எண்ணெய், பிசுக்கு, பஞ்சின் மெழுகு எல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். தண்ணீர் கெட்டியான டிக்காஷன் மாதிரி ஆகிவிடும். துணி இளைத்துவிடும். நூறு ராத்தல் துணி உள்ளே போனால் நூறு ராத்தல் திரும்ப வராது. போன எடை எங்கே? தண்ணீரில்தானே! பதினைந்து வருஷமாக இதைக் கண்ணால் பார்க்கிறவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? பயறைக் கொதிக்க வைத்தாலும் அதன் சத்து முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும், மிஞ்சுவது இளைத்துப்போன தோலும் மாவும்தான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

எதிர்த்துப் பேச ஒரே ஒருத்தர்தான் இருந்தார். பக்கத்து வீட்டில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர். சாயப்பட்டறையில் வேலை. அவர் கை எப்போதும் முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஒருநாள் காலை நான் வடிகட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன அண்ணாச்சி, தண்ணிய மட்டும் குடுக்கீரு?"

"சத்தெல்லாம் இதுலதானுங்க எறங்கியிருக்குது."

"அதெப்படி? எங்க தொட்டியில சாயம் பூரா தண்ணியில இருந்து துணிக்குல்லா ஏறுது. கடைசியில தண்ணி வெளுத்துப் போவும். அப்பம் பயறுதானே சத்த இழுத்து வச்சிருக்கும்?"

"உங்க தொட்டி வேற, எங்க தொட்டி வேறீங்க."

"பயறு எந்தத் தொட்டின்னு அதுகிட்டயே கேளும்!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சாயக்காரனுக்கு வெளுப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நானும் சிரித்தேன். இரண்டு பேரும் பயறை விட்டுவிட்டு அவரவர் பட்டறையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அது அப்போது உறைக்கவில்லை.

என் மனைவியும் ஒருநாள் கேட்டாள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ இருக்கும். டம்ளரை வாங்கிக்கொண்டு, "இதுல அந்தப் பயிறும் ரெண்டு கரண்டி போடுங்களே. வாயில மென்னுக்க எதாச்சும் இருந்தாத் தேவலாமுங்க" என்றாள்.

"சக்கையத் தின்னு என்ன புள்ள பண்ணப்போற? குடி, குடி. சாறு ஆறிரும்" என்றேன். செல்லமாகத்தான் சொன்னேன். அவள் குடித்துவிட்டாள்.

முதல் மாதம் எடை அப்படியே இருந்தது. "குறையலைங்கறதே நல்லதுதான்" என்றார் டாக்டர். இரண்டாவது மாதம் ஒரு ராத்தல் குறைந்தது. நான் பயந்துபோய்ச் சாற்றை மூன்று வேளையாக்கினேன். சத்து இன்னும் நன்றாக இறங்கட்டும் என்று இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். வயிறு முழுக்கத் தண்ணீரைக் குடித்தவளுக்குச் சோறு எங்கே இறங்கும்? நாலு வாய் இரண்டு வாயாகியது. அதையும் நான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். சாறே வயிற்றை நிரப்பிவிடுகிறதே என்று மகிழ்ந்தேன்.

இதை எழுதுகிறபோது என்னையே ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று வருகிறது. ஆனால் அந்த மனிதன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கமும் உண்டு. விடியுமுன்னே எழுந்து அடுப்பை ஊதி, ஒரு கையால் பனியன் துணியைப் பிடித்து, மறு கையால் கொதிக்கிற பாத்திரத்தைச் சாய்த்து, விரல் சுட்டாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வடித்தவன் அவன். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் இரண்டாவது முறை பயறுக்குக் கை நீட்டியபோது நடந்ததுதான் சொல்ல வாய் கூசுகிறது. ஒருநாள் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவள் அடுப்புப் பக்கம் குந்தி உட்கார்ந்து, துணியில் இருந்த பயறை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை.

"அதத் தின்னு செரிக்காம வாந்தி எடுத்தா மாத்திரையும் சேந்துல்ல வெளிய போகும்! புள்ளயப் பாக்கோணும்னு உனக்கு ஆசையே இல்லியா?" என்று கத்தி, துணியைப் பிடுங்கினேன்.

"ருசியா இருந்துதுங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை வைத்து அவளைக் குத்தினேன் பாருங்கள், அதற்கு இன்றைக்கும் என்னிடம் சமாதானம் இல்லை.

மூன்றாவது மாதம் எழுபத்திரண்டு. டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சளியில் கிருமி குறைந்துகொண்டு வருகிறது, இருமலும் அடங்கிவிட்டது, ஆனால் உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது, இது ஏன் என்று தெரியவில்லை என்றார். "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா, தூரத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க ஒரு வருஷம் படுக்கை போட்டுப் பார்க்க வேண்டியதுதான். நடக்கிற அளவுக்குத் தெம்பு இல்லாம மருந்து மட்டும் என்ன செய்யும்?" என்றார். திரும்பி வரும்போது தெருவில் ஒரு பெண்குழந்தை மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனபிறகும் என் மனைவி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மணிக்கட்டில் இருந்த கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கின. ஒரு வருஷம் படுக்கையில் கிடக்கப் போய்த் திரும்பாதவர்களை எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான்காவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போன நாள், வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். எடை போடுகிறவர் கம்பவுண்டர். எங்கள் பக்கத்து ஆள், நையாண்டிப் பேர்வழி. அவளை நிறுத்தி, முள்ளைப் பார்த்து, எழுபது என்று எழுதினார். எழுதிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, மருந்து அம்மணிக்குங்களா உங்களுக்குங்களா? சட்டப் பித்தான் தெறிக்கறாப்புல இருக்குது. சும்மா ஏறி நில்லுங்க பாப்போம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் விளையாட்டுக்குத்தான் ஏறி நின்றேன். என் எடை எனக்குத் தெரியும். முந்தைய வருஷம்தான் ரயிலடியில் இருந்த எடை எந்திரத்தில் ஏறிப் பார்த்திருந்தேன். அதைவிடப் பதினான்கு ராத்தல் கூடியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டரும் சிரித்தார். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"நானுங்களா? சோறுதானுங்க. அப்பறம் அந்தப் பயித்தஞ்சக்கை."

"சக்கையா? எந்தச் சக்கை?"

சொன்னேன். வறுப்பது, கொதிக்க வைப்பது, பனியன் துணியில் வடிகட்டுவது, சாறு அவளுக்கு, சக்கை எனக்கு என்று பெருமையாகவே சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவதைப் பார்த்து, பாதியில் என் குரல் இறங்கிவிட்டது. துணி இளைப்பதையும் எடை தண்ணீரில் போவதையும்கூடச் சொன்னேன். தப்பு எங்கே என்று தெரியாமலே தப்பை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி இருந்தது எனக்கு.

டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "துணியில வேண்டாதது தண்ணிக்குப் போகுது. பயறுல அப்படி இல்லீங்க. வடிச்ச தண்ணியில கொஞ்சம் உப்புச் சத்து போகும், வாசனை போகும். காய்ச்சல்காரனுக்கு ரெண்டு நாள் கொடுக்கலாம், வாய்க்கு நல்லா இருக்கும், நாக்கு வறளாம இருக்கும். ஆனா சதை பிடிக்க வைக்கிற சத்து, புரதம், அது பயறுக்குள்ளேயேதான் நிக்கும். வயித்தைச் சுத்தமா வெச்சுக்கிற நாரும் அதுலதான். பாதி இரும்பும் அதுலதான். நீங்க அதைத்தான் தினமும் சாப்பிட்டிருக்கீங்க" என்றார். பிறகு மெதுவாக, "நான் இன்னும் விளக்கமாச் சொல்லியிருக்கணும். சூப் மாதிரின்னு சொல்லிட்டு விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு" என்றார்.

அவர் தப்பில் பங்கு கேட்டது எனக்கு ஆறுதலாக இல்லை. பதினான்கு ராத்தல் என் உடம்பில். ஆறு ராத்தல் அவள் உடம்பிலிருந்து. மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கம்பவுண்டரின் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை டாக்டர் ஒரு மாதம் தள்ளிப் போட்டார். அதற்குள் எடை ஏறுகிறதா பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம்.

"ஏம்புள்ள, உனக்கு வாயில்லியா? பயிறு வேணும்னு ஒரு வார்த்த அழுத்திச் சொல்றதுக்கென்ன?"

அவள் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொன்னனுங்க. மூணு வாட்டி சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டது ஒன்று. துணியிலிருந்து எடுத்துத் தின்றது இரண்டு. மூன்றாவதாக எப்போது சொன்னாள்? அன்று வீடு வரைக்கும் யோசித்தேன், வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். இன்றுவரை அந்த மூன்றாவது தடவை எனக்கு ஞாபகம் வரவில்லை. அவளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. காதில் விழுந்திருந்தால்தானே ஞாபகம் இருக்கும்!

அன்று மத்தியானம் பயறை வேகவைத்தேன். வடிகட்டவில்லை. மத்தால் நன்றாகக் கடைந்து, சுடுதண்ணீர் விட்டுத் தளர்த்தி, குடிக்கிற பதத்துக்குக் கொண்டு வந்தேன். அவளுக்குத் தட்டில் ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். இந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

"தப்புப் பண்ணிப்போட்டேன் புள்ள."

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல மென்றாள். "சரி, உடுங்க," என்றாள். "உப்புப் பத்தல."

அன்றிலிருந்து சமையல் என்னுடையது, சட்டம் அவளுடையது. பூண்டைக் குறையுங்கள் என்றால் குறைத்தேன். முருங்கைக்கீரை போட்டால் நன்றாக இருக்கும் என்றால் அதற்காக அலைந்தேன். மூலனூரிலிருந்து அவள் அக்கா காய் அனுப்பும்போதெல்லாம் இரண்டு கொத்து கீரையும் சேர்த்துக் கட்டி அனுப்ப ஆரம்பித்தாள். கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டால் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும் என்று டாக்டர் சொல்ல, அதையும் செய்தேன். முதல் வாரம் அவளால் கால் தட்டுக்கு மேல் முடியவில்லை. வயிறு பழகவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளையாகக் கேட்டாள், கொடுத்தேன். பிறகு பயறை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளைவிட வைத்தோம். வடிகட்டிய அதே துணிதான் முளைகட்டவும் ஆயிற்று. லேசாக வேகவைத்த முளைப்பயறை அவள் பிறகு மாத்திரைக்கு முன்னாலேயே கேட்டு வாங்கித் தின்பாள்.

சாயப்பட்டறைக்காரர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்தார். பாத்திரத்தில் கெட்டியாக இருந்ததைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். நான் முந்திக்கொண்டு, "உங்க தொட்டிதானுங்க சரி" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "தங்கச்சி நல்லா வரணும், அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சளிக்கட்டு இல்லை என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஒரு மாதத்தில் எழுபத்து மூன்று. அடுத்த மாதம் எழுபத்தேழு. முள் நகர்வதைப் பார்க்கிறபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். மூச்சை விட்டால் எடை குறைந்துவிடுமோ என்று பயம். கம்பவுண்டர் ஒவ்வொரு தடவையும் என்னையும் ஏறச் சொல்லிக் கேலி பண்ணுவார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன், அவள் ஏறிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிப் பேச்சு தானாக நின்றுபோயிற்று. தொண்ணூறைத் தொட்டது எட்டாவது மாதம். சளியில் ஏற்கனவே கிருமி இல்லை. ஆனாலும் டாக்டர் இன்னும் இரண்டு பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். அப்போது அவள் தொண்ணூற்றாறு. அன்று அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் வழியாக மூலனூருக்கு பஸ் ஏறினோம். அவள் கம்பெனிக்குப் போன காலத்து ரவிக்கை பிடித்துப்போய், புதிதாக ஒன்று தைக்க வேண்டியிருந்தது. கன்னம் எடுத்திருந்தது. குழி விழுந்திருந்த கழுத்து நிரம்பியிருந்தது. வழி முழுக்க, "தூக்குனா வருவாளுங்களா? கனமா இருப்பாளுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தோம்.

குழந்தை களத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஏறக்குறைய ஒரு வருஷமாகியிருந்தது. நன்றாக வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். இடையில் இரண்டு தடவை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். என் மனைவி முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"கண்ணு, வா."

குழந்தை என் வேட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"அம்மாடா கண்ணு, அம்மா வந்துருக்காங்க பாரு" என்று அவள் அக்கா தள்ளிவிட்டாள்.

குழந்தை எட்டிப் பார்த்தது. என் மனைவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. பிறகு தீர்மானமாகத் தலையை ஆட்டியது. "இல்ல. எங்கம்மா ஒல்லியா இருக்கும். இது வேற அம்மா."

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "ஏ கழுத, பெத்த தாயத் தெரியலியா? போ அம்மாகிட்ட!" என்று காலிலிருந்து அவளைப் பிரித்து இழுத்தேன். குழந்தை வீறிட்டது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வையாதீங்க. என்னத் தெரியாட்டிப் போகுது. இனித் தெரிஞ்சுக்கறதுக்கு நாளு இருக்குதுங்களே!"

நான் கையை விட்டேன். குழந்தை ஓடிப்போய்ப் பெரியம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது. அன்று அம்மாவிடம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் தானாகவே வந்தது.